வடிகட்டிய பிரதி

சென்ற வருஷம் ஹெர்மன் மெல்விலின் ‘மோபி டிக்’ நாவல் பற்றி இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையின் பிரதான வாதம் தவறு. இரண்டு வரியில் திருத்தம் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆசிரியரும் அதைத்தான் விரும்பினார். ஆனால் தவறு நேர்ந்த விதம் தவறைவிட யோசிக்கத் தக்கதாக எனக்குப் படுகிறது. தவிர, அந்தத் தவறைத் தடியாக வைத்துக்கொண்டு இன்னொருவரை அடித்திருக்கிறேன். அதற்கு இரண்டு வரி போதாது.

என் வாதம் இது. மெல்வில் பீடிகை, சான்று, சமாதானம் எதுவுமின்றி நேராகக் கதைசொல்லியின் குரலில் இறங்குகிறார். அவன் தன் பெயரைச் சொல்லும் பிரசித்தமான மூன்று சொல் வாக்கியத்தோடு நாவல் ஆரம்பித்துவிடுகிறது. குரல் இருப்பவனுக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். நம் நாவலாசிரியர்களுக்கோ தொண்டையைச் செருமவே பத்துப் பக்கம் வேண்டியிருக்கிறது. இந்த ரீதியில் போயிற்று கட்டுரை. உதாரணத்துக்கு ஓர் இளைஞரின் முதல் நாவலை எடுத்துக்கொண்டேன். ஒரு குளத்தைப் பற்றிய நாவல். கதை தொடங்குமுன் பதினான்கு பக்கம், கல்வெட்டு, கிரயப் பத்திரம், ஒப்பாரி, கலெக்டருக்குப் போட்ட மனு, பழமொழி என்று குளம் சம்பந்தப்பட்ட மேற்கோள்களாகவே அடுக்கியிருப்பார். ‘மெல்விலுக்கு இந்தச் சான்றிதழ்கள் தேவைப்படவில்லை’ என்று எழுதினேன். எழுதிய அன்று அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதழ் வெளிவந்த இரண்டாம் வாரம் ஒரு கடிதம். எழுதியவர் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷப் பழக்கம். ‘தம்பி, நீங்கள் படித்த மோபி டிக் எது? என்னிடம் இருப்பதில், அந்த மூன்று சொல்லுக்கு முன்னால் சொல்லாராய்ச்சி என்று ஒரு பகுதியும் மேற்கோள்கள் என்று ஒரு பகுதியும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. உங்கள் குளத்துக்காரர் செய்த அதே காரியத்தை மெல்வில் செய்திருக்கிறார். பார்த்துக்கொள்ளவும்.’ அவ்வளவுதான் கடிதம். கீழே கையெழுத்து.

அவர் சொன்னது உண்மை. திமிங்கிலத்துக்குப் பல பாஷைகளில் என்ன பெயர் என்ற பட்டியலோடுதான் ‘மோபி டிக்’ ஆரம்பிக்கிறது. காசநோய் கண்டு இறந்துபோன ஒரு பள்ளிக்கூட உதவி ஆசிரியர் தொகுத்தது அது என்று மெல்வில் பாவனை செய்கிறார். அடுத்து, நூலகத்தில் கடைநிலைக்கும் கடைநிலையான ஒரு குமாஸ்தா தேடிச் சேர்த்ததாக மேற்கோள்கள். பைபிளின் ஆதியாகமம், யோபு, யோனா, பிறகு ப்ளூட்டார்க், மான்ட்டேய்ன், ஷேக்ஸ்பியர், மில்ட்டன், மாலுமிகளின் பிரயாணக் குறிப்புகள், பாட்டுகள் என்று திமிங்கிலம் தட்டுப்படும் இடங்களையெல்லாம் வாரிக் கொட்டியிருக்கிறார். இது அலங்காரம் இல்லை. கதைசொல்லி வாயைத் திறக்குமுன் உலகம் அந்த மிருகத்தைப் பற்றி ஏற்கனவே பேசித் தீர்த்துவிட்டது; இத்தனை பேச்சுக்கும் பிறகும் அது பிடிபடவில்லை. அந்த நாவலின் பிரச்னையே அதுதான். நாவல் குரலில் தொடங்குகிறது என்று நான் எழுதினேன். குரல்களின் குவியலுக்குப் பிறகுதான் அந்த ஒற்றைக் குரல் எழுகிறது. என் வாதம் தலைகீழாகிறது.

எப்படி இது என் கண்ணில் படாமல் போயிற்று? கல்லூரி நாளில் நான் படித்தது மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பு. அதில் கப்பல், காப்டன், கடைசித் துரத்தல் இவைதான் இருந்தன. முழு நாவலையும் படித்தது இரண்டு வருஷத்துக்கு முன், கைபேசியில். குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் அந்த நாவல் முழுவதும் இலவசமாக, ஒரே நீண்ட பக்கமாகக் கிடைக்கிறது. அந்தப் பக்கத்தை, ‘பிறகு படிக்கலாம்’ என்று வைத்துக்கொள்ள உதவும் செயலி ஒன்றில் சேமித்துக்கொண்டேன். செயலியின் பெயர் வேண்டாம். மாதத்துக்கு இரண்டு தடவை நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் போய்வர வேண்டியிருந்த காலம் அது. வழியில் சிக்னல் இருக்காது. சேமித்தது மட்டும் கையில் இருக்கும். மேல் படுக்கையில் படுத்தபடி, பக்கத்தில் தூங்குகிறவருக்குத் தொந்தரவில்லாமல், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக மெல்விலைப் படித்தேன். இரண்டு லட்சத்துக்கு மேல் சொற்கள் கொண்ட நாவலைச் செயலி ஒரு கட்டுரையாகவே பாவித்தது. தொள்ளாயிரத்துச் சொச்சம் நிமிஷம் ஆகும் என்று தலைப்பின் கீழ் போட்டிருந்தது. பத்திரிகைச் செய்திக்கு நான்கு நிமிஷம், மோபி டிக்குக்குத் தொள்ளாயிரம். வித்தியாசம் அளவில்தான், இனத்தில் இல்லை என்பது அதன் அபிப்பிராயம்.

அந்தச் சேமிப்பில் பொருளடக்கம் இல்லை. சொல்லாராய்ச்சி இல்லை. மேற்கோள்கள் இல்லை. முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தது. எதுவும் குறைகிறது என்பதற்கு அறிகுறியும் இல்லை.

இந்தச் செயலிகளின் சரித்திரம் சின்னது. 2007-ல் நேட் வைனர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு ‘ரீட் இட் லேட்டர்’ என்று ஒரு துணைக் கருவி செய்தார். மறு வருஷம் மார்கோ ஆர்மென்ட் ‘இன்ஸ்டாபேப்பர்’ கொண்டுவந்தார். ‘ரீட் இட் லேட்டர்’ 2012-ல் ‘பாக்கெட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2017-ல் மொஸில்லாவின் கைக்குப் போய், 2025 ஜூலையில் மூடப்பட்டது. ‘ஆம்னிவோர்’ என்ற இன்னொன்று 2024 நவம்பரில் நின்றுபோயிற்று. ‘பிறகு’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு பிறந்த கருவிக்குப் பதினெட்டு வருஷ ஆயுசு. நம் சிறுபத்திரிகைகளின் ஆயுளோடு ஒப்பிட்டால் தீர்க்காயுள்தான். செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959-லிருந்து 1970 வரை.

செல்லப்பாவைச் சொன்னதால் ஒரு விஷயம். அவர் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அப்படி வந்த புத்தகத்தை வாங்கியவர்கள் படித்தார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு புத்தகம் நாலு கை மாறும். கொடுத்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிரில் வந்து நிற்பார் என்ற பயத்திலேயே முடித்துவிடுவோம். இன்று என் செயலியில் முந்நூறுக்கு மேல் புத்தகங்கள் கிடக்கின்றன. அவற்றில் நான் முடித்தது பதினொன்று. இலவசம் என்பதால் மதிப்பில்லை என்று சொல்ல வரவில்லை. அது கடைக்காரர் பேச்சு. திருப்பிக் கொடுக்க வேண்டிய முகம் ஒன்று இல்லை என்பதுதான் வித்தியாசம். இது என் சோம்பலைப் பற்றிய விஷயம், அதோடு நிற்கட்டும். முடித்த பதினொன்றில் எனக்கு நேர்ந்ததுதான் இங்கே சர்ச்சைக்குரியது.

ஒரு வலைப்பக்கத்தில் எது ‘விஷயம்’, எது ‘குப்பை’ என்று யந்திரம் எப்படி நிர்ணயிக்கிறது? 2009-ல் அமெரிக்காவில் ஆர்க்90 என்ற நிறுவனம் ‘ரீடபிலிடி’ என்று ஒரு கருவியை வெளியிட்டது. நிரல் ஒளிவுமறைவில்லாதது, யாரும் படித்துப் பார்க்கலாம். மறு வருஷம் ஆப்பிள் தன் சஃபாரி உலாவியில் சேர்த்த வாசிப்பு வசதி அந்த நிரலை எடுத்தாண்டது. ஃபயர்ஃபாக்ஸில் இன்று இருக்கும் வாசிப்புத் தோற்றமும் அதன் சந்ததி. செயலிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நிரல் வைத்திருக்கின்றன என்றாலும், இந்த ஜாதிக் கருவிகளின் புத்தி எப்படிப் போகிறது என்பதை அறிய ஆர்க்90-ன் நிரலே போதும். நிரல் தெரிந்த என் உறவுக்காரப் பையன் ஒருவனைப் பக்கத்தில் உட்கார்த்தி வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் படித்த இலக்கிய விமர்சனங்களில் இவ்வளவு தெளிவாகத் தன் அளவுகோலைச் சொன்னது வேறில்லை.

ஒவ்வொரு பத்திக்கும் மதிப்பெண் உண்டு. பத்தியாக இருப்பதற்கு ஒன்று. உள்ளே இருக்கும் காற்புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நூறு எழுத்துக்கு ஒன்று வீதம், அதிகபட்சம் மூன்று. இருபத்தைந்து எழுத்துக்குக் குறைந்த பத்தியை அது எண்ணிப் பார்ப்பதே இல்லை. தலைப்பாக இருந்தால் ஐந்து கழியும். பட்டியலாக இருந்தால் மூன்று கழியும். இணைப்புகள் மலிந்த பகுதி, பொருளடக்கம் போன்றது, சந்தேகத்துக்குரியது. பக்கத்தைக் கட்டியவர் ஒரு பகுதிக்கு உள்ளே சூட்டியிருக்கும் பெயரையும் அது பார்க்கும். ‘விளம்பரதாரர்’, ‘பக்கப்பட்டை’ போன்ற பெயர்கள் இருந்தால் மதிப்பெண் குறையும். சரிதான். ஆனால் அதே வரிசையில், அதே தண்டனைக்கு உரியதாக, ‘அடிக்குறிப்பு’ என்ற சொல்லும் இருக்கிறது.

காற்புள்ளியை எண்ணி உரைநடைக்கு மதிப்பெண் போடும் விமர்சகரை நான் தமிழில்கூடச் சந்தித்ததில்லை. சிரிப்பு வருகிறது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அது முட்டாள்தனம் இல்லை. நாளிதழ்த் தளம் ஒன்றைத் திறந்தால் செய்தியைச் சுற்றிலும் கண்சிமிட்டும் விளம்பரங்கள், தொடர்பில்லாத செய்திகளின் தலைப்புகள், பின்னூட்டங்கள். மனிதன் எழுதிய தொடர்ந்த உரைநடையில் காற்புள்ளி வரும், பொத்தானில் வராது. இந்த எளிய கண்டுபிடிப்பு ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிம்மதி தந்திருக்கிறது. எனக்கும்தான். நீளமான கட்டுரைகளை நான் மறுபடி படிக்க ஆரம்பித்ததே இதனால். கட்டுரையின் இலக்கணத்தை எழுத்து எல்லாவற்றுக்கும் இலக்கணமாக விரித்ததில்தான் கோளாறு. தொடர்ச்சியான, நடுத்தர நீளமுள்ள, காற்புள்ளி இட்ட பத்தி எதுவோ அதுவே எழுத்து. மற்றவை ஓரத்தில் ஒட்டியவை.

இந்த அளவுகோலின் முன் தமிழை நிறுத்திப் பாருங்கள். ஓலைச்சுவடியில் காற்புள்ளி கிடையாது. பாட்டில் அடி நீளாது. புதுக்கவிதையோ இருபத்தைந்து எழுத்தை எட்டுமுன் வரி மடங்கிவிடும். அந்த இருபத்தைந்தும் நாம் நினைக்கிற இருபத்தைந்து இல்லை. ஒருங்குறியில் ‘க’ என்பது ஒன்று. ‘க்’ என்பது இரண்டு, ககரம் ஒன்று புள்ளி ஒன்று. மெய்க்கு அரை மாத்திரை என்றார் தொல்காப்பியர். யந்திரத்தின் கணக்கில் புள்ளி வைத்த மெய், அகரம் ஏறிய எழுத்தைவிட இரட்டிப்புக் கனம். இலக்கணமும் யந்திரமும் இவ்வளவு நேர் எதிராக நிற்கும் இடம் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன்.

அடிக்குறிப்பு விஷயம் இதைவிட முக்கியம். நம் மரபில் உரை என்பது மூலத்தோடு சேர்த்துப் படிக்கப்படுவது. பரிமேலழகரைக் குறளின் ஓரத்தில் ஒட்டியவராக யாரும் நினைத்ததில்லை. உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அவர் பதிப்புகளில் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பிரதிபேதங்கள் வரும். இந்தச் சுவடியில் இப்படி, அந்தச் சுவடியில் அப்படி என்று. மேலே இருக்கும் வரி எவ்வளவு நிச்சயம், எவ்வளவு நிச்சயமின்மை என்பதை அந்தப் பொடி எழுத்துதான் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பது வேதவாக்காகிவிடும். அடிக்குறிப்பு போனால் தகவல் கொஞ்சம் போகும், அது பெரிதில்லை. சந்தேகம் போய்விடுகிறது.

மெல்வில் இந்த விளையாட்டை அறிந்தவர். முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் திமிங்கிலங்களை வகை பிரிக்கிறார். எப்படி? புத்தக அளவுகளாக. பெரியவை ஃபோலியோ, நடுத்தரம் ஆக்டேவோ, சின்னவை டுவோடெசிமோ. நம் அச்சகங்களில் டெம்மி, கிரௌன் என்பது போல. ஃபோலியோவுக்கு அடுத்து வர வேண்டிய குவார்ட்டோ ஏன் இல்லை என்பதற்கு ஓர் அடிக்குறிப்பில் காரணம் சொல்கிறார். நடுத்தரத் திமிங்கிலம் பெரிய திமிங்கிலத்தின் சாயலிலேயே இருக்கிறது, ஆனால் பைண்டரின் குவார்ட்டோ ஃபோலியோவின் வடிவத்தைக் காப்பாற்றுவதில்லை, ஆக்டேவோதான் காப்பாற்றுகிறது என்று. தாளை மடித்துப் பார்த்தவனுக்குத்தான் இந்தச் சிரிப்பு புரியும். என் செயலியில் இந்த அடிக்குறிப்பு பிழைத்திருந்தது. ஆனால் அடியில் இல்லை. பத்திகளுக்கு நடுவே, அதே எழுத்தில், அதே உயரத்தில், தானும் ஒரு பத்தியாக நின்றது. நாலைந்து வரி போன பிறகுதான் இது வேறு யாரோ வேறு இடத்திலிருந்து பேசுவது என்று உறைத்தது. அளவே இல்லாத ஒரு திரையில், அளவுகளைப் பற்றிய ஒரு பரிகாசத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் அந்த அத்தியாயத்தை எனக்குக் கொடுத்தது அந்தச் செயலிதான் என்பதையும் சொல்ல வேண்டும். சுருக்கப் பதிப்பில் இது இருக்கவில்லை. கதைக்கு வேண்டாதது என்று யந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மனிதர்கள் வெட்டிவிட்டார்கள். எண்பத்திரண்டாம் அத்தியாயத்தில், வேதங்கள் நீருக்கடியில் கிடக்க, விஷ்ணு திமிங்கிலமாக அவதரித்து ஆழத்துக்குப் பாய்ந்து அவற்றை மீட்டார் என்று மெல்வில் எழுதியிருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் மத்ஸ்யாவதாரத்தை அவர் தன் திமிங்கில வேட்டைக்காரர் சங்கத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார். விருத்தாசலம் தாண்டி எங்கோ ரயில் நின்றிருந்த வேளையில் இதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கீழ்ப் படுக்கைக்காரர் எழுந்து பார்த்தார். காசு கொடுத்து அந்த நாவலின் நல்ல பதிப்பை நான் வாங்கியிருக்க மாட்டேன். இதை மறைத்துவிட்டு யந்திரத்தைத் திட்டுவது யோக்கியமில்லை.

மெல்விலுக்கு இது முதல் தடவை இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நாவல் முதலில் வெளிவந்தது லண்டனில், 1851 அக்டோபர் 18, ரிச்சர்ட் பென்ட்லியின் பதிப்பாக. பெயர் ‘திமிங்கிலம்’, மூன்று தொகுதி. மதத்தையும் ராஜாக்களையும் உரசிய இடங்கள் வெட்டப்பட்டிருந்தன. இருபத்தைந்தாம் அத்தியாயம் அடியோடு இல்லை. மேற்கோள்கள் மூன்றாம் தொகுதியின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் விட, கப்பல் மூழ்கிய பிறகு கதைசொல்லி மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று சொல்லும் பின்னுரை அச்சாகவில்லை. ஒரு வாரத்துக்குள் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகை மதிப்புரை எழுதிற்று. எல்லாரும் செத்துப்போன ஒரு கதையைச் சொல்வது யார் என்ற ஆட்சேபத்தை எழுப்பியது. கதை சொல்லும் விதத்தையே அறியாதவர் என்ற தொனி. நியூயார்க்கில் நவம்பரில் ஹார்ப்பர் வெளியிட்ட பதிப்பில் பின்னுரை இருந்தது.

அந்த லண்டன் மதிப்புரைகாரரை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்த மூன்று தொகுதிக்கு அவருடைய தீர்ப்பு சரி. கூர்மையானதும்கூட. கடைசிப் பக்கத்துக்கு அப்பால் ஒரு பக்கம் உண்டு என்று அவர் எதை வைத்து ஊகிப்பார்? அதே சலுகையை எனக்கும் கொடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். முடியவில்லை. அவருக்கு வேறு பிரதி கிடையாது. எனக்கு, குட்டன்பர்க்கின் மூலப் பக்கம் ஒரு தட்டலில் இருந்தது. நான் தட்டவில்லை. காரணம், படித்துக்கொண்டிருப்பது ஒரு பிரதி என்ற பிரக்ஞையே எனக்கு இல்லை. மோபி டிக்கைப் படித்துக்கொண்டிருப்பதாக எண்ணம்.

சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சிட்டார். அதில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. எண்கள் இருக்கின்றன. 266-க்குப் பிறகு 269-ஐ 267 என்று மாற்றி எண்ணியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? செல் அரித்த அடிகளுக்குப் புள்ளி வைத்தார்கள். நம் பழைய பாட்டுகளைப் படிக்கிறபோது புள்ளிகளையும் படிக்கிறோம். கிழிந்த புத்தகத்தில் தையலோரம் தாளின் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். நூலகப் புத்தகத்தில் பூச்சி துளைத்த ஓட்டை பத்துப் பக்கம் கூடவே வரும். செயலியில் வெட்டிய இடம் ஆறித் தோல் மூடிவிட்டிருக்கிறது. தழும்பு இல்லை. நான் ஏமாந்தது அங்கேதான்.

இலவசப் புத்தகங்களை வலையில் ஏற்றியவர்கள் இந்த விஷயத்தில் கறாரானவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மைக்கேல் ஹார்ட் 1971 ஜூலை 4 அன்று இல்லினாய் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கினார். வெறும் எழுத்து, அலங்காரம் ஒன்றும் கிடையாது. சாய்வெழுத்துக்கு வழியில்லாததால் சொல்லின் இரு பக்கமும் அடிக்கோடு போட்டார்கள். பார்க்க அசிங்கம்தான். ஆனால் இங்கே ஏதோ இருந்தது, எங்களால் கொண்டுவர முடியவில்லை என்று அந்தக் கோடு ஒப்புக்கொள்கிறது. நம் மதுரைத் திட்டமும் அப்படித்தான். 1998 பொங்கல் அன்று, ஸ்விட்ஸர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் மற்ற சிலரும் தொடங்கியது. சம்பளமில்லாமல், உலகின் மூலைகளில் உட்கார்ந்து தமிழர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். எழுத்துரு மாறியபோதெல்லாம் மறுபடி மாற்றினார்கள், கடைசியில் ஒருங்குறிக்கு. அவர்கள் கோப்புகளின் தலையில் தட்டச்சு செய்தவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று நன்றிக் குறிப்பு இருக்கும். என் செயலியில் சேமித்த மதுரைத் திட்ட நூல்கள் ஒன்பது. இந்தச் சங்கடத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டேன். ஐந்தில் அந்தக் குறிப்பு இல்லை. சின்ன வரிகள், பெயர்கள், பட்டியல் மாதிரி இருப்பவை. மதிப்பெண் தேறியிருக்காது. கூலி வாங்காமல் உழைத்தவனுக்குக் கிடைத்த ஒரே இடம் அது. அதையும் குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டு, எனக்குச் சுத்தமான வாசிப்பு கொடுக்கப்பட்டிருந்தது. சொல்லாராய்ச்சியைத் தொகுத்த காசநோய்க்கார உதவி ஆசிரியரும், மேற்கோள் தேடிய கடைநிலைக் குமாஸ்தாவும் என் பிரதியில் காணாமற்போனது இதே கணக்கில்தான்.

விமர்சனம் என்று நாம் சொல்லிக்கொள்வதும் ஒரு வடிகட்டல் என்று சிலர் வாதிக்கக்கூடும். உன்னுடைய அளவுகோல் மட்டும் என்ன, நீயும்தான் ஆண்டுக்கு ஐம்பது நாவலைக் குப்பை என்கிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்டது சரி. அந்தப் பதினான்கு பக்கத்தை நான் குப்பை என்றபோது என் கையில் இருந்த அளவுகோலைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். தொடர்ந்த உரைநடை நல்லது. துண்டு துணுக்கு, பட்டியல், பத்திரம், மேற்கோள் இவை ஓரத்துச் சரக்கு. யந்திரத்தின் அளவுகோலிலிருந்து இது எவ்வளவு தூரம்? காற்புள்ளியை நான் எண்ணவில்லை, அவ்வளவுதான். செயலி என்னைக் கெடுத்துவிட்டது என்று சொல்லவும் துணிவில்லை. ஏற்கனவே அப்படி நினைத்துக்கொண்டிருந்ததால்தான் அந்தப் பிரதி எனக்கு முழுமையாகத் தெரிந்திருக்கிறது. மேற்கோள் குவியலோடு தொடங்கும் ஒரு மெல்விலைச் செயலி காட்டியிருந்தால், தாண்டிப் போயிருப்பேனோ என்னவோ.

நண்பருக்கும் எனக்கும் இருக்கும் வித்தியாசம் என்று நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். நான் குப்பை என்று சொன்னது அச்சில் இருந்தது. இளைஞரின் பதினான்கு பக்கமும் இருந்தது. யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நான் உளறியதைக் கண்டுகொள்ளலாம். பேராசிரியர் கண்டுகொண்டார். செயலியின் தீர்ப்பு தீர்ப்பாகத் தெரியாமலே நிறைவேறிவிடுகிறது.

பேராசிரியர் தன் பிரதியையே தபாலில் அனுப்பிவைத்தார். கனமான பழைய புத்தகம், முதுகு விட்டுப்போய் பிளாஸ்திரி ஒட்டியது. மேற்கோள்கள் பகுதியில் யோபுவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதி அழித்திருக்கிறார். அழித்தது தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. செயலியை நான் விட்டுவிடவில்லை. மூலப் பக்கத்தை ஒருமுறை திறந்து, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுச் சேமிக்கிறேன். ரயில் இன்னும் ஓடுகிறது.

இனி அந்த இளைஞர் விஷயம். என் கட்டுரையைப் படித்துவிட்டு, அடுத்த பதிப்பில் முன்பகுதி பதினான்கு பக்கத்தையும் எடுத்துவிடும்படி அவர் பதிப்பாளரிடம் சொல்லியிருந்தார் என்று கேள்விப்பட்டேன். பேராசிரியரின் கடிதம் வந்த அன்றைக்கே அவருக்கு எழுதினேன். என் வாதத்தின் அஸ்திவாரம் இல்லாமல் போய்விட்டது, தயவுசெய்து என்னை நம்பி எதையும் வெட்ட வேண்டாம் என்று. மெல்வில் செய்திருப்பதால் மட்டும் அவர் செய்தது சரியாகிவிடாது என்பதையும் எழுதினேன். அது வேறு கேள்வி, அதற்கு அந்த நாவலை மறுபடி படிக்க வேண்டும். படித்தேன். ஒப்பாரிகளும் கிரயப் பத்திரங்களும் அடுத்தடுத்து வரும் இடத்தில், குளம் யாருடையது என்ற கேள்வியைக் கதை கேட்குமுன்பே காகிதங்கள் கேட்டுவிடுகின்றன. முதல் தடவை நான் அதைப் படிக்கவில்லை, புரட்டியிருக்கிறேன். பழமொழிகள் இன்னும் எனக்கு உவப்பாக இல்லை. நாவலின் பின்பாதி தளர்ந்துவிடுகிறது என்று அப்போது சொன்னதை இப்போதும் சொல்கிறேன். என் பழைய கட்டுரையில் முதல் நான்கு பத்திகளை வாசகர்கள் அடித்துவிடலாம். திமிங்கில வகைப்பாடு பற்றிய ஐந்தாவது பத்தி நிற்கட்டும்.

போன வாரம் இளைஞர் பதில் எழுதியிருந்தார். பகுதி அப்படியே வருகிறது, ஆனால் கலெக்டருக்குப் போட்ட இரண்டு மனுக்களை மட்டும் எடுத்துவிட்டாராம். இப்போது படித்தால் அவை பலவீனமாகத் தெரிகின்றனவாம். இரண்டாம் வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான். அதை அவருக்கு நான் இன்னும் எழுதவில்லை.